மாமாவோடு பறவை பார்த்த ஞாயிறு

என் மாமா ஒரு பயந்தாங்கொள்ளி என்பதில் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருந்ததில்லை. தெருநாய் குரைத்தால் பைக்கை ஓட்டிக்கொண்டே இரண்டு கால்களையும் மேலே தூக்கிக்கொள்வார். அம்மாவின் தம்பி என்பதால் அவரைக் கேலி செய்யும் உரிமை எனக்கும் இருந்தது. அப்படிப்பட்டவர் ஓர் ஐப்பசி ஞாயிறு விடிந்தும் விடியாமலும் வந்து நின்று, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைப் பூங்காவில் நாள் முழுக்கப் பறவை பார்க்கப் போகிறோம் என்றார். கழுத்தில் இரவல் பைனாகுலர் தொங்கியது.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அம்மா பிரசவத்துக்கு மீஞ்சூர் போயிருந்தாள். தம்பி பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அப்பாவுக்கு இறால் பதப்படுத்தும் கம்பெனி ஒன்றில் அம்மோனியா பிளாண்ட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த வாரம் முழுக்க, கம்பெனிக்குப் பின்னால் இருந்த எங்கள் லைன் வீடுகளில் எல்லோருக்கும் கண் எரிந்தது. ஆட்கள் வராத ஞாயிற்றுக்கிழமை கசிகிற வால்வை மாற்றப் போகிறார்கள், அப்பாதான் உள்ளே போகிறார். என்னை மீஞ்சூருக்கு அனுப்பினால் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிடும், பச்சை உடம்போடு கிளம்பி வந்துவிடுவாள் என்று கம்பெனி மதிலுக்கு மறுபக்கம், காற்று வரும் திசையில் இருந்த பூங்காவை முடிவு செய்திருந்தார்கள்.

வாசலில் அப்பா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னார். மாமா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அப்பா என்னிடம், எங்கள் லைன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் முன்பே படித்துவிடும் பாடத்தைக் கேட்டார். நெடி வந்தால் என்ன செய்ய வேண்டும்?

"ஈரத்துணியை மூஞ்சில வெச்சிக்கினு காத்துக்குக் குறுக்கால ஓடணும்" என்றேன்.

மாமாவுக்குப் பறவைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. குளத்தோரம் நின்ற மடையான் கொக்கைச் சைபீரியாவிலிருந்து வந்தது என்றார். காக்கைக்கும் ஒரு வெளிநாடு கிடைத்தது. வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஆனால் பைக்கைச் சாலையைப் பார்க்கத் திருப்பி, சாவியை அதிலேயே விட்டு வைத்திருந்தார். தோளில் நனைத்த துண்டு. கம்பெனி மதிலை ஒட்டியிருந்த வாகை மரத்தில் சூறைக்குருவிகள் கூட்டமாக வந்து இறங்கியிருந்தன. அதைக் காட்டினார்.

"அந்த மரத்தையே பாத்துக்கினு இரு. மொத்தமா எழும்புச்சுன்னா சொல்லு. நமக்கு முன்னாடி அதுங்களுக்குத்தான் நெடி தெரியும்."

அதன் பிறகு நான் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவின் பைனாகுலர் மரத்தின் பக்கமே போகவில்லை. கம்பெனிக் கூரையில், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டும் ஆரஞ்சுத் துணிப்பையைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அது எங்களுக்கு எதிர்ப்பக்கம் நீண்டிருந்தது. ஐப்பசிக் காற்றை யார் நம்புவது? மதியம் துவண்டு தொங்கிய பை, மெல்ல உப்பி எங்கள் பக்கம் திரும்பியது. மாமா துண்டை மறுபடி நனைத்து என் கழுத்தில் போட்டார். எனக்கு ஒன்றுக்கு வந்தது, அடக்கிக்கொண்டேன். மரத்திலிருந்து கண்ணை எடுத்தால் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம்.

வாங்கி வந்த சோற்றுப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. அப்போதுதான் குருவிகள் அத்தனையும் ஒரே வீச்சில் எழும்பின.

நான் கத்தினேன். மாமா என்னை அள்ளிப் பைக்கில் முன்னால் உட்காரவைத்து, துண்டை என் மூக்கோடு அழுத்திக்கொண்டு கிளப்பினார். கம்பெனி கேட் பக்கம் போகாமல் காற்றுக்குக் குறுக்கே இருந்த சாலையில் வண்டி பறந்தது.

"மாமா, அப்பா உள்ள கீறாரு. திருப்பு மாமா" என்று அழுதேன்.

அவர் திருப்பவில்லை. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. என் முதுகில் அவர் நெஞ்சு குலுங்கியது. நாயைக் கண்டாலே நடுங்குகிறவர் ஆயிற்றே என்று வெறுப்பாக இருந்தது.

நெடுஞ்சாலை டீக்கடையில்தான் நிறுத்தினார். நெடியும் இல்லை, கம்பெனியின் அபாயச் சங்கும் ஊதவில்லை. அப்பாவின் போன் அணைந்திருந்தது. மாமா கம்பெனி வாட்ச்மேனுக்குப் போட்டார். உள்ளே வேலை நன்றாகத்தான் நடந்துகொண்டிருக்கிறது என்று பதில் வந்தது. நாங்கள் பூங்காவுக்குத் திரும்பியபோது, வல்லூறு ஒன்று பாய்ந்து ஒரு குருவியைத் தூக்கிப் போனதாகத் தோட்டக்காரர் சொல்லிச் சிரித்தார். மற்ற குருவிகள் மரத்துக்கே திரும்பியிருந்தன. பொழுது சாயும்வரை மறுபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தோம், அப்பா சிவந்த கண்களோடு கேட்டைத் தாண்டி நடந்து வரும்வரை.

இரவுச் சாப்பாட்டுக்கு வறுத்த மடவை மீன். நான் உட்கார்ந்ததும் உட்காராததுமாகப் போட்டு உடைத்தேன்.

"மாமா உன்ன உட்டுட்டு ஓடிட்டாரு. திரும்பிக்கூட பாக்கல."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா அவரைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நான் சொன்ன மாதிரி குறுக்காலதானே போன?" என்று மட்டும் கேட்டார் அப்பா. மாமா தலையாட்டினார். அப்பா தன் தட்டிலிருந்த பெரிய துண்டை எடுத்து மாமாவின் தட்டில் வைத்தார்.

ஓடிப்போனவருக்குப் பெரிய துண்டு. எனக்கு வாலோரம். ஆத்திரத்தில் தட்டைத் தள்ளிவிட்டு மாமாவை முறைத்தேன். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. கேட்டால், முள் குத்திவிட்டது என்றார். மீன் முள்ளுக்கெல்லாம் அழுகிற ஆள் உன் தம்பி என்று, மீஞ்சூர் போனதும் முதல் வேலையாக அம்மாவிடம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.