இரண்டு பக்கக் கடிதமும் ஒரு கியர் பாக்ஸும்

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் சொசைட்டி கேட்டுக்குள் ஒரு வெள்ளைக் கார் நுழைந்தது. யாரும் கட்டி இழுக்காமல், தானாகவே ஓடி வந்து நுழைந்தது. இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அந்தக் கார் கடைசியாக இந்த கேட்டைத் தாண்டி வெளியே போனது டிசம்பரில். இப்போது ஜூலை.

ஓட்டி வந்தவர் சங்கரலிங்கம் சார். எங்களுக்கு நேர் கீழ் ஃப்ளாட். தென்காசிப் பக்கத்துக்காரர். மத்திய அரசில் முப்பத்து நாலு வருஷம் இருந்து அண்டர் செக்ரட்டரியாக ரிட்டையர் ஆனவர். காரை நிறுத்தி, பூட்டி, பூட்டியிருக்கிறதா என்று கதவை இழுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். பால்கனியில் நான் நிற்பதைப் பார்த்ததும் கையை ஆட்டினார்.

நானும் ஆட்டினேன். ஆட்டிவிட்டு உடனே உள்ளே போய்விட்டேன்.

ஏன் என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். ஏழு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்த விஷயம். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ரிட்டையர் ஆன கையோடு சார் வாங்கிய கார் அது. மனைவி கோமதி அக்காவோடு ஹரித்வார், மதுரா என்று ஊர் சுற்ற வேண்டும் என்று ஆசை. ஹரித்வாருக்கு மட்டும் ஒருமுறை போய் வந்தார்கள். போன வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு காலை, அக்காவின் கையிலிருந்து கரண்டி நழுவியது. பின்னாலேயே அக்காவும் சமையலறைத் தரையில் சரிந்துவிட்டார். ஸ்ட்ரோக். பேச்சு தப்பித்தது. வலது கையும் வலது காலும் தப்பவில்லை.

டாக்டர் தெளிவாகச் சொன்னார். முதல் ஒரு வருஷம்தான் முக்கியம், அதற்குள் எவ்வளவு திரும்பி வருகிறதோ அவ்வளவுதான் என்று. வாரம் மூன்று நாள் பிசியோதெரபி. ஆஸ்பத்திரி யமுனைக்கு அந்தப் பக்கம்.

இங்கேதான் கார் வருகிறது. அக்காவால் காலை மடக்கி ஆட்டோவில் ஏற முடியாது. ஏறினாலும் திரும்பி வரும்போது, 'மயூர் விஹார்' என்று எங்கள் பேட்டையைச் சொன்னதும் டெல்லி ஆட்டோக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். யமுனையைத் தாண்டுவதென்றால் அவர்களுக்கு ஏதோ வெளிநாடு போகிற மாதிரி. சார் கார் சீட்டில் ஒரு பிளாஸ்டிக் பையை விரிப்பார். அதன்மேல் அக்காவை உட்காரவைத்து, தோளைப் பிடித்து அப்படியே வழுக்கித் திருப்புவார். கால் தானாக உள்ளே வந்துவிடும். இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "யார் சொல்லணும்? ரெண்டு நாள் யோசிச்சேன், வந்துட்டு" என்றார்.

பலன் இருந்தது. தெரபி கொடுக்கும் பெண் ஒரு கிண்ணத்தில் ராஜ்மாவைப் போட்டு, வலது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இன்னொரு கிண்ணத்தில் போடச் சொல்வாளாம். முதலில் ஒன்றுகூட முடியவில்லை. டிசம்பர் ஆரம்பத்தில் பதினொன்று. அக்கா எங்கள் வீட்டுக்குப் போன் போட்டே சொன்னார். "பதினொண்ணு! பொங்கலுக்கு நானே கோலம் போடுதேன், பாரு."

அந்த டிசம்பரில்தான், பனி மூடிய ஒரு காலையில், நிஜாமுதீன் பாலத்தின் நடுவில் கார் நின்றுவிட்டது. இன்ஜின் ஓடுகிறது. கியர் விழுகிறது. வண்டி மட்டும் நகரவில்லை. பின்னால் லாரிகள் ஹார்ன் அடிக்க, உள்ளே அக்கா உட்கார்ந்திருக்க, சார் இறங்கி நின்று இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறார். சைக்கிளில் போன இரண்டு பேர்தான் ஓரமாகத் தள்ளிவிட்டார்களாம்.

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு டீலரிடம் போனார்கள். அங்கே சர்வீஸ் மேனேஜர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். கியர் பாக்ஸ் உள்ளே உடைந்திருக்கிறது என்றார். கார் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வாரண்டி இரண்டு வருஷம். "அங்கிள் ஜி, டென்ஷன் மத் லீஜியே. பஸ், ஏக் லெட்டர் லிக் தீஜியே. ஹோ ஜாயேகா."

அவ்வளவுதான். ஒரு கடிதம் கொடுங்கள், ஆகிவிடும்.

ஊரில் ஒரு பிரச்சினை வந்தால் ஜனங்கள் தெரிந்த ஆளைத் தேடுவார்கள். டெல்லித் தமிழர்கள் நாம் டிராஃப்ட்டைத் தேடுகிறோம். கேஸ் கனெக்‌ஷனா, டிரான்ஸ்ஃபரா, பிள்ளைக்கு ஸ்கூல் சீட்டா? நல்ல இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதிவிட்டால் உலகம் வழிக்கு வந்துவிடும் என்று நமக்கு ஒரு நம்பிக்கை. ஆபீஸில் மேலே வந்ததே அப்படித்தானே?

சாரும் ஒரு டிராஃப்ட்டோடு வந்தார். என் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது. டைப் அடித்துத் தர வேண்டும். வாங்கிப் பார்த்தேன். மூன்றே வரி. கார் நம்பர் இது. இன்ன தேதியில் கியர் பாக்ஸ் வேலை செய்யாமல் போயிற்று. வாரண்டியில் இருப்பதால் சரிசெய்து தரவும்.

"என்ன சார் இது, தந்தி மாதிரி இருக்கு?" என்றேன்.

"இது போதாதாம்மா?"

"எப்படிப் போதும்? அக்கா நிலைமையைச் சொல்ல வேணாமா? படிக்கிறவனுக்கு மனசு இளக வேணாமா?"

எழுதுவதுதான் என் பிழைப்பு. பகலில் ஓர் ஆபீஸில் இங்கிலீஷ், வாரம் ஒருமுறை இங்கே உங்களிடம் தமிழ். என்னிடம் ஒருவர் மூன்று வரியைக் கொண்டுவந்து கொடுத்தால் விடுவேனா? உட்கார்ந்தேன். இரண்டு பக்கம். அக்காவின் ஸ்ட்ரோக், பிளாஸ்டிக் பை, ராஜ்மா, பாலத்தில் பனி... எல்லாம் வந்தது. நடுவில் ஒரு வாக்கியம். எழுதி முடித்ததும் நானே இரண்டு தரம் படித்து ரசித்தேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'இரண்டு மாதங்களாக கியர் பாக்ஸ் முனகிக்கொண்டிருந்தது; ஆனாலும் உங்கள் நிறுவனத்தின்மேல் வைத்த நம்பிக்கையால், நோயுற்ற மனைவியை ஏற்றிக்கொண்டு இந்த முதியவர் வாரந்தோறும் யமுனையைக் கடந்தார்.'

சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அந்த இடத்தில் நின்றார்.

"ரெண்டு மாசம்னு போடணுமாம்மா? தீபாவளிக்குப் பொறவு லேசா ஒரு சத்தம் கேட்டுச்சு. அதுவும் எப்பமாவதுதான். வண்டி புதுசு, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

"இருக்கட்டும் சார். அப்பதான் மனசைத் தொடும்."

முப்பத்து நாலு வருஷத்தில் சந்தேகமான ஒரு வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். என்னை நம்பிப் போட்டார்.

உங்களை ஒன்று கேட்கிறேன். வாரண்டி புக்கை முழுசாகப் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கல்யாணப் பத்திரிகையில் அச்சகத்தின் பெயர்வரை படிக்கிறவர்கள்கூட அதைப் படிப்பதில்லை. நானும் படிக்கவில்லை. கம்பெனியில் ஒருவர் படித்திருக்கிறார். படிப்பது அவருடைய வேலை.

பதில் வர இரண்டு மாதம் ஆயிற்று. சார் அதை எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். ஒரே பத்தி. குறை தெரிந்தவுடன் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவர வேண்டும் என்பது நிபந்தனை. வாடிக்கையாளர் தம் கடிதத்திலேயே ஒப்புக்கொண்டபடி, குறை தெரிந்தும் இரண்டு மாதம் தொடர்ந்து ஓட்டியிருக்கிறார். ஆகவே வாரண்டி செல்லாது. நடுவில், மேற்கோள் குறிக்குள், என் வாக்கியம். இத்தனை வருஷத்தில் என் எழுத்தை ஒருவர் மேற்கோள் காட்டியது அதுதான் முதல் தடவை.

சார்தான் பேசினார். கோபமே இல்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நான் அந்த சீட்டுல இருந்தாலும் இதைத்தாம்மா எழுதியிருப்பேன். மெடிக்கல் கிளெய்ம் செக்‌ஷன்ல ஒன்பது வருஷம் இருந்தேன்லா? மனுவுல அழுகை ஜாஸ்தியா இருந்தா நான் அழுகையைப் படிக்க மாட்டேன். தேதி எங்க இருக்குன்னுதான் தேடுவேன். எங்கயாவது ஒரு தேதியை அவங்களே விட்டிருப்பாங்க."

"மிகைப்படுத்தினது நான்தான்னு கம்பெனிக்கு எழுதிடறேன் சார்."

"கையெழுத்து என்னோடதுல்லா?" என்றார்.

அதன்பிறகு எல்லாக் கடிதங்களையும் அவரே எழுதினார். தலைமை அலுவலகத்துக்கு ஒன்று, அதற்கு நினைவூட்டல் ஒன்று, நினைவூட்டலுக்கு நினைவூட்டல். வெளியே கொடுத்துச் சரிசெய்துவிடலாமே என்று நானே சொன்னேன். காசு இல்லாமல் இல்லை. ஆனால் அவர் கேட்கவில்லை. "வெளிய திறந்தா கிளெய்ம் செத்துரும். ரூல்ல இருக்கு, கொடுக்கத்தான் செய்யணும்" என்றார். வாழ்நாள் முழுக்க ரூலை நம்பியவர். அது தன்னைக் கைவிடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

கார் டீலரின் கொட்டகையில் தூசி படிந்து நின்றது. அக்காவின் தெரபி வாரம் மூன்று நாளிலிருந்து இரண்டாயிற்று. டாக்சி ஸ்டாண்டு அம்பாஸடரில் பின்சீட்டில் ஏற்றி இறக்குவதற்குள் அக்கா வலி தாங்காமல் அழுதுவிடுவார். இரண்டு ஒன்றாயிற்று. பிறகு, 'கார் வந்துரட்டும், அடுத்த வாரம் பார்ப்போம்.' நானும் டாக்சி பிடித்து இரண்டு முறை கூட்டிப் போனேன். இரண்டே முறை. ஆபீஸ், வீடு, பத்தி எழுத வேண்டும்... என்ன காரணம் சொன்னாலும் இரண்டே முறைதான். முதல் பதிலுக்குக் காத்திருந்த நாட்களிலேயே பொங்கல் வந்து போயிருந்தது. கீழ் ஃப்ளாட் வாசலில் கோலம் இல்லை.

ஜூன் கடைசியில் இறுதிப் பதில் வந்தது. முடியாது. ஸ்ட்ரோக் வந்து சரியாக ஒரு வருஷம் ஆகியிருந்தது.

சார் மறுநாளே காரை இழுத்துக்கொண்டு மாயாபுரிக்குப் போனார். பழைய வண்டிகளின் பாகம் விற்கும் அந்த மார்க்கெட்டில், ஏதோ ஒரு வண்டியிலிருந்து கழற்றிய கியர் பாக்ஸை மாட்டிக் கொடுத்தார்கள். எத்தனை நாள் ஆயிற்று தெரியுமா? இரண்டு. மழை ஓயட்டும் என்று காத்திருந்து, செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு ஓட்டி வந்தார்.

புதன்கிழமை காலை என் வீட்டுக் கதவைத் தட்டினார். "ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீயும் வாரியாம்மா?"

போனேன். எந்த முகத்தோடு மறுப்பது? முன்சீட்டில் அதே பிளாஸ்டிக் பை. அக்கா வழுக்கித் திரும்பி உட்கார்ந்தார். பாலத்தில் ஏறும்போது சார் மூன்றாவது கியர் போட்டார். வெண்ணெய் மாதிரி விழுந்தது. மூன்று பேருமே அதைக் கவனித்தோம்.

தெரபி அறையில் அதே கிண்ணம், அதே ராஜ்மா. அக்காவின் விரல்கள் உள்பக்கமாக மடங்கியிருந்தன. ஒன்று. இரண்டு. மூன்றாவது வழுக்கி, விழுந்து, திரும்பவும் எடுத்துப் போட்டார். நாலாவதற்குக் கை எழவில்லை.

"டிசம்பர்ல பதினொண்ணு" என்று அக்கா அந்தப் பெண்ணிடம் தமிழிலேயே சொன்னார். அவளுக்குப் புரியவில்லை. நான் ஹிந்தியில் சொன்னேன். அவள் அக்காவின் கையைத் தடவிக்கொண்டே, வீட்டிலேயே பயிற்சி செய்யுங்கள், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றாள். இருப்பதை. திரும்பி வருவதைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை.

ஆனாலும் வந்துகொண்டே இருக்கலாமா என்று சார் கேட்டார். கவுன்ட்டரில் போய்க் கேளுங்கள் என்றாள். நீண்ட நாள் வராததால் ஃபைலை மூடியிருந்தார்கள். மறுபடியும் திறக்க வேண்டுமென்றால், ஏன் வரவில்லை என்று ஒரு கடிதம் வேண்டுமாம்.

அன்று சாயங்காலம் சார் மாடி ஏறி வந்தார். கையில் ஒரு தாள். "இதை மட்டும் டைப் அடிச்சுக் கொடும்மா."

மூன்று வரி. நோயாளியின் பெயர் இது. வாகன வசதி இல்லாத காரணத்தால் சிகிச்சைக்கு வர இயலவில்லை. மீண்டும் தொடர அனுமதிக்கவும்.

காரணம் என்ற இடத்தில் நியாயமாக என் பெயர் இருந்திருக்க வேண்டும். 'வாகன வசதி' என்று போட்டிருந்தார். அடித்துக் கொடுத்தேன்.

ஒரு கமாவைக்கூடத் தொடவில்லை.