முகாமில் ஒரு டார்கெட்

போன கோடை விடுமுறையில், ஆறாம் வகுப்பு முடித்த என் மகள் கவிதாவை மணிமங்கலம் பக்கம் நடந்த தங்கும் முகாமில் சேர்த்தோம். நீச்சல், ஓவியம், கைத்திறன் எல்லாம் உண்டு என்றார்கள். நடுவில் வந்தால் பிள்ளைகள் ஏங்கிப்போகும், கடைசி நாள்தான் பெற்றோர் வரவேண்டும் என்றார்கள். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

இரண்டு நாள் கழித்து பக்கத்து வீட்டு போனுக்குப் பேசினாள். "நீச்சல் அடிச்சியாடி?" என்றேன்.

"இல்லம்மா. இன்னிக்கு எங்க டீம்தான் டார்கெட் முடிச்சுது."

ஒரகடம் கம்பெனியில் வேலை செய்யும் என் கணவர் தினமும் சொல்லும் வார்த்தை அது. குழந்தைக்கு எதற்கு டார்கெட்?

மறுநாள் காலை படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவில் போனேன். "இன்னாம்மா நீ, யாரையும் உள்ள வுடக்கூடாதுன்னு சொல்லிகீறாங்க" என்று வாட்ச்மேன் மறித்தார். கேட்காமல் நடந்தேன்.

தகரக் கொட்டகையில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, ஏதோ கம்பெனிக்குப் போகும் ரப்பர் வாஷர்களை பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். "கைத்திறன் பயிற்சி மேடம்" என்றார் பொறுப்பாளர். கவிதாவின் விரல்கள் கறுத்திருந்தன.

கிளம்பு என்றதும், "இந்த மூட்டைய முடிச்சிட்டு வரேம்மா. இல்லேன்னா எங்க டீமை விளையாட விடமாட்டாங்க" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கையைப் பிடித்து இழுத்து வந்தேன். தெரிந்த பெற்றோருக்கெல்லாம் சொன்னேன். அவர்களும் அன்று மாலையே பிள்ளைகளை அழைத்து வந்துவிட்டார்கள்.

இந்த வருடமும் கவிதா முகாமுக்குப் போனாள். நினைத்த நேரத்தில் வந்து பார்க்கலாமா என்று கேட்டு, "தாராளமா வாங்க" என்ற இடத்தில்தான் சேர்த்தேன். சேர்த்த பிறகும், சொல்லாமல் ஒரு நாள் போய்ப் பார்த்தேன்.

- எஸ். மல்லிகா, படப்பை