ரீற்றா அக்காவுக்கு ஹெட்செற் பூட்டிய வாரம்

ஒருவர் விட்ட பிழைக்காக அவரைத் தண்டிக்குமுன், அந்த வேலைக்கு எத்தனை கைகள் தேவைப்பட்டன என்று எண்ணிப்பார்க்க வேண்டியது யாருடைய கடமை? பட்டம் பெற்று, ஊர்காவற்றுறையில் ஒரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நிர்வாக உதவியாளராகச் சேர்ந்த முதலாவது ஆண்டில் இந்தக் கேள்வி என் மேசைக்கு வந்தது. அது எண்பதுகளின் நடுப்பகுதி. போர்க் கெடுபிடியால் கடலில் இறங்குவதற்குச் சில மணித்தியாலங்களே அனுமதிக்கப்பட்ட காலம். ஒரு நாள் மீன்பாடு வீணானால் அடுத்த பாடு எப்போது கிடைக்கும் என்று எவராலும் சொல்ல இயலாது.

அவ்வாறு ஒரு நாள் பாடு முழுவதும் வீணாயிற்று. யாழ்ப்பாணத்து ஐஸ் ஆலையின் லொறி அன்று வராது, சங்கத்து லொறியை அனுப்பி எடுத்துக்கொள்ளவேண்டும் என்று தொலைபேசியில் செய்தி வந்திருக்கிறது. சங்கத்தின் ஒப்பரேற்றர் ரீற்றா அக்கா அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வேறு இரண்டு அழைப்புகள் வந்தன. அவற்றை இணைத்து முடித்தபோது ஐஸ் செய்தி அவரது நினைவிலிருந்து நழுவிவிட்டது. இறங்குதுறையில் வெயிலில் கிடந்த மீன் கருவாட்டுக்குத்தான் உதவியது.

"நீர் படிச்ச ஆள். வெள்ளிக்கிழமைக்கிடையில விசாரணை அறிக்கையை எழுதித் தாரும். அவவை வலைக் களஞ்சியத்துக்கு மாத்துவம்" என்றார் முகாமையாளர். களஞ்சிய வேலை நாட்சம்பளத்துக்குரியது. பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்த நிரந்தரப் பதவி ரீற்றா அக்காவின் கையை விட்டுப் போய்விடும்.

எழுதுமுன் ஒரு முற்பகல் முழுவதும் அவர் அருகில் கதிரை போட்டு அமர்ந்தேன். பன்னிரண்டு இணைப்புகள் கொண்ட சுவிட்ச்போர்ட் அது. அழைப்பு வந்தால் அந்த இலக்கத்தின் சிறு மூடி விழும். இடது கையில் ரிசீவர், வலது கையில் இணைக்கும் வயர்.

"வாறதை எழுதி வைக்கிறேல்லையோ, அக்கா?"

"பேனையை வாயாலயே பிடிக்கிறது, தம்பி? ஆண்டவர் ரெண்டு கைதான் தந்தவர்."

"அப்ப எப்பிடி ஞாபகம் வைக்கிறனீங்கள்?"

"கேட்டதைப் பலமாத் திருப்பிச் சொல்லுவன். யன்னலடியில ஆரும் நிப்பினம். நான் மறந்தாலும் அவை மறக்காயினம். அண்டைக்கு எல்லாரும் கடலுக்குப் போட்டினம்."

சங்கத்தின் நினைவு முழுவதும் யன்னலடியில் நிற்பவர்களை நம்பியிருந்தது என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

போர்டுடன் வந்த, தலையில் மாட்டிப் பேசும் இரண்டு ஹெட்செற்கள் அலுமாரியில் பெட்டி பிரிக்கப்படாமல் கிடந்தன. ஒன்றைப் பூட்டினால் எழுத ஒரு கை மிஞ்சும் என்று முகாமையாளரிடம் அனுமதி கேட்டேன். "வெள்ளிக்கிழமை பின்னேரம் வரைக்கும் பாரும். சரிவராட்டி நான் இடமாற்றக் கடிதத்தில கையெழுத்து வைக்கிறன்" என்றார்.

ஹெட்செற்றில் நான்கு வயர்கள்: இரண்டு காதுக்கு, இரண்டு வாய்க்கு. ரிசீவரின் வயர்களைக் கழற்றினால், அவை பூட்டியிருந்த திருகாணிகள் உப்புக் காற்றில் பச்சை பிடித்திருந்தன. பிளேட்டால் சுரண்டி, ஸ்பிரிற்றால் துடைத்துப் பூட்டினேன். மறுமுனையில் பேசியது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. எங்கள் குரல் அங்கே கேட்கவில்லை. வியாழக்கிழமை முழுவதும் வயர்களை மாற்றி மாற்றிப் பூட்டியும் பயனில்லை. மாலையில் ரீற்றா அக்கா அதை வாங்கி, வாய்ப்பகுதியை மேசை விளிம்பில் இரண்டு முறை மெல்லத் தட்டினார்.

"பழைய ரிசீவரும் மாரியில இப்பிடித்தான் ஊமையாகிறது. தட்டினால் கதைக்கும்."

கதைத்தது. உள்ளே குரலைக் கடத்தும் கரித்துகள் ஈரத்தில் கட்டிபட்டிருக்கிறது. பல்கலைக்கழகம் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. எண்ணெய் வைத்த தலையில் பட்டி வழுக்கியபோது, அவரே ஒரு துணிக் கீலத்தை அதில் சுற்றிச் சரிசெய்தார்.

வெள்ளி காலை அந்தோனிப்பிள்ளைச் சம்மாட்டியார் யன்னலால் எட்டிப் பார்த்தார். வீணான மீனில் பெரும்பங்கு அவருடைய வள்ளங்களுக்குரியது.

"என்ன ரீற்றா, பிளேன் ஓட்டப் போறியோ?"

"ஓம், உங்கட மீனைத்தான் ஏத்திக்கொண்டு போகப்போறன்."

தன் குரல் தன் காதிலேயே கேட்டதால் ரீற்றா அக்கா அன்று மெதுவாகப் பேசினார். அலுவலகம் அமைதியானதை நான் முன்னேற்றமாகக் கருதினேன். யன்னலடியிலோ முணுமுணுப்பு எழுந்தது. "எங்களுக்கு ஒண்டும் கேக்கேல்ல. இனி என்னத்தை நம்புறது?" என்றார் சம்மாட்டியார். என் திருத்தம் அவர்களிடமிருந்த ஒரே காவலைப் பறித்துவிட்டது என்பதை உணர்ந்து திகைத்தேன். ரீற்றா அக்கா திகைக்கவில்லை. செய்தியைத் துண்டில் எழுதினார்; வாய்ப்பகுதியை ஒருபுறம் திருப்பிவிட்டு, எழுதியதை யன்னலைப் பார்த்து உரக்க வாசித்தார். "ஓம், இப்ப சரி" என்றார் சம்மாட்டியார்.

பத்து மணியளவில் மூன்று மூடிகள் ஒன்றாக விழுந்தன. முதல் அழைப்பின்படி, ஐஸ் லொறி யாழ்ப்பாணத்திலிருந்து வரும் வழியில் பண்ணைப் பாலத்தில் பழுதாகி நின்றது. இறங்குதுறை, வள்ளங்கள் கரைக்கு வருகின்றன என்றது. மூன்றாவது அழைப்பு வேலணையிலிருந்து. சங்கத்து லொறிச் சாரதி, அடுத்து எங்கே போவது என்று கேட்டார். ரீற்றா அக்காவின் இடது கை வயர்களை மாற்றியது, வலது கை எழுதியது.

"நீர் திரும்பி வராதையும். நேரை பண்ணைப் பாலத்துக்குப் போம். ஐஸை அங்கை மாத்தி ஏத்தும்."

எழுதியதை அவர் வாசித்து முடிக்குமுன்னரே சம்மாட்டியார் துறைக்கு நடக்கத் தொடங்கிவிட்டார். முகாமையாளர் எப்போது வந்து பின்னால் நின்றார் என்பதை நாங்கள் கவனிக்கவில்லை.

மீன் பழுதாகுமுன் ஐஸ் வந்தது. ஒரு மீன்கூடக் கருவாட்டுக்குப் போகவில்லை. பின்னேரம் சம்மாட்டியார் இரண்டு பாரை மீன்களை ஓலைப் பறியில் கொண்டுவந்து, "பிளேன்காரிக்கு" என்று யன்னலில் வைத்துவிட்டுப் போனார்.

நான் அறிக்கையுடன் முகாமையாளரின் அறைக்குப் போனேன். அவர் இடமாற்றக் கடிதத்தை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"மற்றப் பெட்டியில இன்னொண்டு இருக்கெல்லே? அதையும் பூட்டும்."

ரீற்றா அக்கா நிரந்தரப் பதவியிலேயே தொடர்ந்தார். இரண்டாவது ஹெட்செற்றில் அவரே இன்னொரு பெண்ணைப் பழக்கினார். மதிய வேளையிலும் போர்ட் இயங்கியது. வந்த செய்தி ஒவ்வொன்றும் துண்டில் எழுதப்பட்டு யன்னலில் வாசிக்கப்பட்டது. அதன் பின்னர் அந்தச் சங்கத்தில் எந்த ஊழியர்மீது விசாரணை நடந்தாலும், விசாரிப்பவர் முதலில் ஒரு முற்பகல் அவருடைய வேலையிடத்தில் அமர்ந்து, கண்டதை எழுதவேண்டும் என்பது விதியாயிற்று.