குடியை விட்டவன் என்று ஒரு சீட்டு

'ஆன் தி வேகன்' என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. குடித்துக்கொண்டிருந்தவன் இப்போதைக்கு விட்டிருக்கிறான் என்று பொருள். எப்போது வேண்டுமானாலும் திரும்பத் தொடங்குவான் என்கிற சந்தேகமும் அதற்குள்ளேயே இருக்கிறது. குடியைத் தொடாதவனைப் பற்றி அப்படிச் சொல்லக் கூடாது. இதை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வீட்டு வராந்தாப் படிக்குக் கீழே, என் அப்பா பக்கத்தில் நின்றபோது கற்றுக்கொண்டேன்.

அப்பா ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் நான்கு வருஷம் பட்லராக இருந்தார். நாங்கள் பௌத்தர்கள். ஞாயிறுதோறும் பஞ்சசீலம் சொல்லும்போது, மது தொடமாட்டேன் என்ற ஐந்தாவதை மட்டும் அப்பா உரக்கச் சொல்வார். கிறிஸ்துமஸுக்குத் துரையே கிளாஸை நீட்டியும் வாங்கவில்லை. சுதந்திரம் வந்து துரை கப்பலேறும்போது எழுதிக்கொடுத்த நற்சான்றுச் சீட்டில், 'என் விஸ்கி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் நான்கு வருஷமும் இவன் ஆன் தி வேகன்' என்று இருந்தது. வேடிக்கைக்கு எழுதினாரோ, எங்கள் சாதி ஜனம் என்றால் குடித்துத்தானே இருக்கும் என்று எழுதினாரோ.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பன்னிரண்டு வயதில் அந்தச் சீட்டை அப்பாவுக்குப் படித்தேன். வேகன் என்றால் வண்டி என்று அகராதி சொன்னது. மீதியை ஊகித்துக்கொண்டேன். "நீ குடிக்கவே மாட்டேன்னு எழுதியிருக்காருப்பா" என்றேன். தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று முதல் வேலை கேட்டு எங்கே போனாலும் அப்பா, முந்தைய துரைகள் கொடுத்த சீட்டுகளுக்கு மேலே அந்தச் சீட்டைத்தான் வைத்தார். படித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். யாரும் சொல்லி அனுப்பியதில்லை.

நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய வருஷம், நானும் கூடப் போனேன். ரிச்சர்ட்ஸ் டவுனில் தங்கும் விடுதி நடத்தி வந்த தமிழ்க் கிறிஸ்தவ அம்மாள் ஒருவருக்குப் பட்லர் தேவைப்பட்டது. அவர் சீட்டைப் படித்தார்.

"குடியை விட்டு எவ்ளோ நாளாச்சு?"

"தொட்டதே இல்லீங்கம்மா" என்றார் அப்பா.

"எல்லாரும் இப்படித்தான் சொல்றது." அவர் என் பக்கம் திரும்பினார். "நீ படிச்ச பொண்ணாச்சே. இதுக்கு அர்த்தம் தெரியாது?"

அவரே ஆங்கிலத்தில் விளக்கினார், சிரித்துக்கொண்டே.

"எழுதினவர் பொய் எழுதியிருக்கார்" என்றேன், நானும் ஆங்கிலத்தில்.

"அப்ப அந்தப் பொய்யை ஏன் மேல வெச்சு எடுத்துட்டு வந்தீங்க?" அவரும் ஆங்கிலத்திலேயே கேட்டார்.

துரை மேல் கோபம், அந்தச் சிரிப்பின் மேல் கோபம், பன்னிரண்டு வயது மேதாவியின் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம்.

"இன்னாம்மா சொல்றாங்க?" என்றார் அப்பா.

சொன்னேன். நான் தப்பாகப் படித்ததையும் சொன்னேன். அப்பா சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"சரி, ஒரு மாசம் பாக்கறேன்" என்றார் அந்த அம்மாள். "தினம் காலைல உள்ள வர்றதுக்கு முன்னாடி வாயை ஊதிக் காட்டணும். சம்மதமா?"

"வேணாம்பா. வா, போலாம்" என்றேன்.

"வேலை எனக்கா, உனக்கா?" அப்பா என்னைப் பார்க்காமலே கேட்டார். பிறகு, "நாளைக்கு எதுக்குங்கம்மா? இப்பவே ஊதறேன்" என்று இரண்டு படி ஏறி, அவர் முகத்துக்கு நேரே ஊதினார். அந்த அம்மாள் பின்னால் நகர்ந்தார்.

"போதும், போதும்."

"இன்னொரு வாட்டி பாருங்க. நல்லா பாருங்க." மறுபடியும் ஊதினார். அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வேலை கிடைத்தது.

ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா மற்றச் சீட்டுகளை எல்லாம் என் முன்னால் போட்டார்.

"படி. தெரியாத எடத்துல தெரியலன்னு சொல்லு."

ஆறு சீட்டுகள். ஒன்பது இடங்களில், பல்லைக் கடித்துக்கொண்டு, தெரியவில்லை என்றேன்.