வருடத்திற்கு ஏழு நாள்

என் மகன் ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயது வரை அத்தை வீட்டில்தான் வளர்ந்தான். சொந்த அத்தை இல்லை. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு கீழ்த்தளத்து வீட்டின் முன்னறையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். வேலைக்குப் போகிறவர்கள் காலை ஏழரைக்கு விட்டுவிட்டு, மாலை ஆறு மணிக்கு மூச்சு வாங்க ஓடிவந்து தூக்கிக்கொண்டு போவோம். குழந்தைகள் அத்தை என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, எங்களுக்கும் அவர் அத்தையாகிவிட்டார்.

அந்த முன்னறையில் நாற்காலியே கிடையாது. தரை முழுக்க ரப்பர் விரிப்பு. சுவரோரம் சுருட்டி வைத்த ஆறு சின்ன மெத்தைகள். ஜன்னல் கட்டையில் ஆறு தண்ணீர் பாட்டில்கள், அடையாளத்துக்கு ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிறத்தில் நூல். யாருக்குப் பல் முளைக்கிறது, யார் தூங்குவதுபோல் நடிக்கிறார்கள் என்பதெல்லாம் அத்தைக்குத் திரும்பிப் பார்க்காமலேயே தெரியும். பதினான்கு வருடமாக இதே வேலை. காய்ச்சல் வந்தாலும் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்துவிடுவார்.

அவருடைய கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒரே கம்பெனியில் இருபத்து மூன்று வருடம். இந்தப் பகுதியில் இருக்கும் நாற்பது சொச்சம் லிஃப்டுகளை அவரும் இன்னும் இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறார்கள். எங்கே யார் நடுவில் மாட்டிக்கொண்டாலும் போன் வரும். சாப்பிட்ட கையோடு எழுந்து போவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். அதிகம் பேசமாட்டார், பேசினால் சிரிக்க வைப்பார். "தினமும் நூறு தடவை உயரத்துக்குப் போறவன் நான். என்ன, சாயங்காலம் பாத்தா மறுபடி தரையிலதான் நிப்பேன்" என்பார்.

இவர்கள் வீட்டில்தான் ஒரு போன் அழைப்பு வந்து புகுந்தது. வணிக வளாகத்தில் ஒரு மேஜைமேல் கண்ணாடிப் பெட்டி வைத்திருந்தார்கள். பெயரும் நம்பரும் எழுதிப் போட்டால் பரிசு. அத்தை போட்டுவிட்டு மறந்தே போனார். பத்து நாள் கழித்து ஒரு பெண் கூப்பிட்டு, உங்களுக்கு இரண்டு இரவு இலவசத் தங்கல் விழுந்திருக்கிறது, கணவனும் மனைவியும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலுக்கு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், ஒரு மணி நேரம்தான் ஆகும் என்று தேனொழுகச் சொன்னாள். நம் காதில் பூ சுற்றுகிறார்கள் என்றார் லிஃப்ட்காரர். ஓசியில் காப்பியாவது கிடைக்கும், வாங்க என்றார் அத்தை. மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருவர் மட்டும்தான். கிளம்பிப் போனார்கள்.

ஹோட்டலின் இரண்டாம் மாடியில் பெரிய கூடம். சின்னச் சின்ன வட்ட மேஜைகள், ஒவ்வொன்றிலும் ஒரு தம்பதி, எதிரே கோட்டுப் போட்ட ஒருவர். யாராவது கையெழுத்துப் போட்டால் ஒரு மணி அடிப்பார்கள், உடனே எல்லாரும் கைதட்ட வேண்டும். இவர்கள் மேஜைக்கு வந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. அவர் விலையைச் சொல்லித் தொடங்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கடைசியா எப்ப சார் ரெண்டு பேரும் சேர்ந்து வெளியூர் போனீங்க? கல்யாணம், சாவு இதையெல்லாம் விட்டுடுங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணம் முடிந்த மாதம் ஒரு மலையூருக்கு மூன்று நாள் போனது. அதிலும் இரண்டாம் நாளே கம்பெனியிலிருந்து ஆள் அனுப்பி இவரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அதன் பிறகு போகவில்லை. வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்கவுமில்லை, போகாமலேயே இருபத்தோரு வருடம் ஓடிவிட்டது. அந்தக் கேள்வி நேரே நெஞ்சில் வந்து குத்தியது என்று அத்தை பிற்பாடு என்னிடம் சொன்னார்.

பிறகு படம் போட்டார்கள். ஏரி, மூடுபனி, மரப்படிகள். ஒரு காட்சியில் ஒரு பெண் பால்கனி நாற்காலியில் கையில் கோப்பையோடு சும்மா உட்கார்ந்திருந்தாள். "பக்கத்துல ஒரு குழந்தைகூட இல்ல. அவ எழுந்திருக்கவே இல்ல. படம் வேற எங்கேயோ போயிடுச்சு, நான் அவளையே நினைச்சுட்டிருந்தேன்" என்றார் அத்தை.

திட்டம் இதுதான். உறுப்பினராகச் சேர்ந்தால் இருபத்தைந்து வருடத்துக்கு, வருடத்துக்கு ஏழு நாள், அவர்களுடைய விடுதிகளில் எங்கே வேண்டுமானாலும் தங்கலாம். மொத்தப் பணத்தை மாதத் தவணையில் கட்டலாம். அது போக வருடாவருடம் பராமரிப்புக் கட்டணம் உண்டு. சொல்லும் தள்ளுபடி இன்று ஒரு நாள் மட்டும்.

பராமரிப்பு என்றதும் லிஃப்ட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் அவர் பிழைப்போடு கலந்த விஷயம். குடியிருப்புச் சங்கங்களிடம் அந்தக் காகிதத்தை நீட்டி, "இதெல்லாம் இதுல அடங்காதுங்க" என்று சொல்லி வசை வாங்கிய அனுபவம் அவருக்கு ஏராளம்.

"இந்தப் பராமரிப்புக் கட்டணம் வருஷாவருஷம் ஏறுமா?" என்று கேட்டார்.

"கொஞ்சமா ஏறும் சார்."

"எவ்வளவு ஏறணும்னு யாரு முடிவு பண்ணுவா?"

"கம்பெனிதான் சார்."

"நாங்க ஒரு வருஷம் போகலைன்னா?"

"அப்பவும் கட்டணும் சார். கட்டடத்தைப் பராமரிச்சுத்தானே ஆகணும்."

அவர் தலையை ஆட்டினார். அந்தப் பெண்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. இதே பதிலை இதே குரலில் தானும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறோம் என்றுதான் தோன்றியதாம்.

ஆனாலும் அவர் மனம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்துகொண்டுதான் இருந்தது. படம் ஓடும்போது மனைவியின் முகத்தைப் பார்த்திருந்தார். இத்தனை வருடத்தில் இவளுக்கு இதைக்கூடச் செய்யவில்லையே என்ற உறுத்தல் வேறு. மூன்றாவது முறையாக மணி அடித்துக் கூடம் கைதட்டிக்கொண்டிருந்தபோது அவர் போன் அதிர்ந்தது. ஒரு குடியிருப்பில் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே வயதான ஒருவர், தனியாக. பதினைந்து நிமிடம் ஆகிறது. அன்றைக்கு டியூட்டியில் இருந்தவர் ஊரின் மறுகோடியில் வேறொரு வேலையில் இருந்தார்.

அவர் எழுந்தார். எதிரே இருந்தவர், ரெண்டு நிமிஷம்தான் சார், கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போயிடுங்களேன் என்று பேனாவை நீட்டினார். லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார்.

"உனக்கு வேணும்னா சொல்லு. போட்டுட்டே போறேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அத்தை தலையசைத்திருந்தால் போட்டிருப்பார்.

"நீங்க போங்க. உள்ள இருக்கறவர் பாவம், பயந்துபோயிருப்பாரு" என்றார் அத்தை.

அவர் போனபின் அத்தை தனியாக அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தார். எதிரே இருந்தவர் விடாமல், சார் இல்லாவிட்டால் என்ன, நீங்கள் முன்பணம் கட்டினால் போதும் என்று தொடங்கினார். அத்தை ஒன்று கேட்டார். அந்த ஏழு நாளை எடுக்காவிட்டால் என்ன ஆகும்? அடுத்த வருடத்தோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அப்போதும் எடுக்காவிட்டால்? கொஞ்சம் தயங்கிவிட்டு, காலாவதியாகிவிடும் என்றார் அவர்.

காலி நாற்காலியைப் பார்த்தார் அத்தை. முடிவு அப்போதே ஆகிவிட்டது. இருந்தாலும் எழுந்து வர மனம் வரவில்லை. அந்தப் பெண் தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லாமல் பேசிக்கொண்டே இருந்தார். அத்தை தன் பக்கமிருந்த தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் தள்ளிவைத்து, "நீங்க கடைசியா எப்பம்மா போனீங்க?" என்று கேட்டார்.

அவர் சிரித்துவிட்டார். "எல்லாரும் லீவுல இருக்கறப்பதான் மேடம் எங்களுக்கு வேலை. சனி, ஞாயிறு, பள்ளிக்கூட லீவு, எல்லாம் இங்கதான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் இன்னும் அந்த ஏரியைப் பார்த்ததே இல்ல" என்றார்.

மேலாளர் ஒருவர் வந்து தள்ளுபடியை இன்னும் கூட்டினார். அத்தை கைகூப்பி வேண்டாம் என்றார். அதற்குமேல் யாரும் வற்புறுத்தவில்லை, முகம் மட்டும் மாறியது. பரிசு என்று சொன்ன இரண்டு இரவுத் தங்கல் சீட்டைக் கொடுத்தார்கள். வார நாளில் மட்டும், நாற்பத்தைந்து நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், வரியும் சாப்பாடும் தனி என்று அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. அது கடைசிவரை அலமாரியிலேயே கிடந்தது.

மாலை லிஃப்ட்காரர் கையெல்லாம் கிரீஸோடு வீட்டுக்கு வந்தார். பெரியவரைப் பத்திரமாக இறக்கியாகிவிட்டது. இவர் கையைப் பிடித்துக்கொண்டு அவர் விடவேயில்லையாம். அத்தை சோப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"எனக்கு ரூம் வேணாங்க. லீவுதான் வேணும்."

"அதை யாரு குடுப்பா?"

"என் லீவை நானே எடுத்துக்கறேன். உங்களுதை நீங்கதான் கேக்கணும்."

அவர் மறுபடி சோப்பைத் தேய்த்துக் கையைக் கழுவினார். இருந்தாலும் கையெழுத்துப் போடாமல் விட்டது சரிதானா என்ற சந்தேகம் அவருக்குத் தீரவில்லை. மறுநாள் சகலையைக் கூப்பிட்டார். அத்தையின் தங்கையைக் கட்டியவர், ஆறு வருடத்துக்கு முன்பே இப்படி ஓர் உறுப்பினர் அட்டை வாங்கியவர். சகலை ஒளிக்காமல் சொன்னார்: எனக்கு லாபம்தான், வருடம் தவறாமல் பெண்டு பிள்ளைகளோடு போய் வருகிறேன். ஆனால் ஆபீசில் எனக்கு லீவு உறுதி. வருடம் பிறந்ததும் உட்கார்ந்து மொத்தத்துக்கும் புக் பண்ணிவிடுவேன். கடைசி நேரத்தில் போய் நின்றால் பள்ளி விடுமுறைக்கு இடம் கிடைக்காது. "ஆறு மாசம் முன்னாடியே இந்தத் தேதின்னு உங்களால சொல்ல முடியுமா சகலை?" என்றார். வருகிற வியாழக்கிழமை எங்கே இருப்பார் என்பதே லிஃப்ட்காரருக்குத் தெரியாது. அந்த அட்டைப் பேச்சு அதோடு முடிந்தது.

லீவு கேட்கும் படலம் லேசாக முடியவில்லை. மேற்பார்வையாளர் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று பதறினார். யாருக்காவது உடம்பு சரியில்லையா, மகளுக்கு ஏதாவதா?

"ஒண்ணும் இல்ல சார். சும்மாதான்."

"சும்மாவா?"

சும்மா லீவு கேட்ட ஆள் அந்த அலுவலகத்தில் அதுவரை இல்லை. காகிதம் மூன்று வாரம் மேஜைமேல் கிடந்தது. லிஃப்ட்காரர் தினமும் அதைக் கடந்துபோகும்போது ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். கடைசியில் கையெழுத்தானது.

அத்தை தன் பங்குக்கு இரண்டு மாதம் முன்பே கதவில் ஒரு தாள் ஒட்டினார். இன்ன வாரம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இயலாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. அந்த வாரம் எனக்குத் தணிக்கை, ஆபீசில் தலைக்குமேல் வேலை இருக்கும் என்று மூக்கால் அழுதேன். "அதான் ரெண்டு மாசம் இருக்கேம்மா, பாத்துக்கோ" என்றார், சிரித்தபடியே. எனக்கு வருடத்துக்கு முப்பது நாள் லீவு என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

கடலோரத்தில் ஒரு சாதாரண விடுதியில் ஐந்து நாள் இருந்தார்கள். எல்லாமே ஆனந்தம் என்று சொல்லிவிட முடியாது. முதல் நாள் யார் போன் அடித்தாலும் அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அத்தை விடிந்ததும் எழுந்து, நிரப்ப பாட்டில் இல்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மூன்றாம் நாள் பகல் முழுக்க மழை. குடையை எடுத்துவைக்க மறந்தது யார் என்று சண்டை. இத்தனை வருடத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சண்டை போட நேரம் கிடைத்தது அன்றைக்குத்தான் என்று இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மத்தியானம் படுத்தவர்கள் விளக்கு வைக்கும் நேரம்வரை தூங்கினார்கள். கடைசி நாள் லிஃப்ட்காரர் சற்று வாடிப்போயிருந்தார். என்ன என்று கேட்டதற்கு, "அஞ்சு நாளா ஒருத்தன்கூடக் கூப்பிடலையே" என்றாராம்.

திரும்பி வந்தபின் எதிர்பாராத ஒன்று நடந்தது. உடன் வேலை பார்க்கும் இரண்டு பேரும் ஒவ்வொருவராக மேற்பார்வையாளர் முன்னால் போய் நின்று, எங்களுக்கும் சும்மா லீவு வேண்டும் என்றார்கள். வேறு வழியில்லாமல் அலுவலகச் சுவரில் ஓர் அட்டவணை மாட்டப்பட்டது. நீ ஆரம்பித்து வைத்தது என்று மேற்பார்வையாளர் இவரைக் கடிந்துகொண்டார். முதல் வருடமே தனக்கும் ஒரு வாரம் அதில் எழுதிக்கொண்டார்.

அடுத்த வருடம் சகலைக்குப் போக முடியாமல் நாலு நாள் மீதமிருந்தது. போய் வாருங்கள் என்று கொடுத்தார். போனார்கள். நல்ல அறை, ஜன்னலைத் திறந்தால் தண்ணீர், குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்றைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கலாமோ என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

"தங்கச்சி வீட்டுக்கு இது சரிதாங்க. நாம முதல்ல லீவு எடுக்கப் பழகுவோம். அப்புறம் பாக்கலாம்" என்றார் அத்தை.

அதற்கடுத்த வருடம் போகவில்லை. ஒரு குழந்தையின் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள், அத்தைக்குக் கதவைச் சாத்த மனசு கேட்கவில்லை. இந்த வருடம் ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மகள் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள். அவளுக்கு லீவு கிடைக்குமா என்பதுதான் இன்னும் தெரியவில்லை.