தையலுக்கு விட்ட சுவர்

கத்தரியக்கா என்றால்தான் எங்கள் தெருவில் தெரியும். கூடப்பிறந்தவன் நானே அப்படித்தான் சொல்லிப் பழகிவிட்டேன். கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பாள், கோட்டின் தோளை இறக்குவாள், கிழிந்த முழங்கையைக் கிழிந்ததே இல்லை என்று சத்தியம் செய்ய வைப்பாள். ஆட்கள் பெருத்துக்கொண்டே போகிறார்கள், துணி பெருக்க மாட்டேன் என்கிறது, நடுவில் தன் பிழைப்பு ஓடுகிறது என்று அடிக்கடி சொல்வாள்.

வாடகை வீட்டின் முன்னறைதான் அவள் கடை. ஒரு மெஷின், ஓர் இஸ்திரி மேசை, ஆளுயரக் கண்ணாடி. தரைத்தளம், பேருந்து நிறுத்தத்துக்கு நேரெதிர் வாசல். வேலைக்குப் போகும்போது கொடுத்துவிட்டுத் திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம். பதினெட்டு வருடம் அடுத்தவர் கடையில் குனிந்து தைத்தவளுக்கு இந்த அறை கிடைத்து நான்கு வருடம்தான் ஆகிறது. மூன்றாம் மாடியில் போய் உட்கார்ந்தால் ஒரு பொத்தான் தைக்க யார் ஏறி வருவார்கள்?

அந்த அறையின் சுவரில்தான் மாமா ஓட்டை போட்டார்.

அக்காவின் கணவர் பேருந்து ஓட்டுநர். நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு ஒரு விரல் இடைவெளியில் திருப்பக்கூடிய மனிதர், ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி மேசையை நகர்த்துகிறேன் என்று பின்னோக்கி வந்தார். மேசையின் இரும்பு மூலை சுவருக்குள் போய்விட்டது. செங்கல் சுவர் இல்லை அது. இரண்டு பக்கமும் கெட்டித்தாள் ஒட்டி நடுவில் சுண்ணாம்புக்கட்டி போல ஜிப்சம் வைத்த பலகைச் சுவர். உள்ளே வெறும் பொந்து. உள்ளங்கை அகலத்துக்கு வாயைப் பிளந்து நின்றது.

“பஸ்ஸுல பக்கத்துக்கு ஒரு கண்ணாடி இருக்கு. எனக்கு முதுகுல கண்ணாடியா இருக்கு?” என்றார் மாமா.

மறுநாள் குழாயைப் பார்க்க வந்த வயதான வீட்டுச் சொந்தக்காரர் சுவரையும் பார்த்துவிட்டார். அந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. பெரியவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. அடுத்த திங்கள் காலை வருவதாகவும், சுவர் பழையபடி இருந்தால் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவதாகவும், ஒட்டுப்போட்டது கண்ணுக்குத் தெரிந்தால் வேறு வீடு பார்க்க வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டுப் போனார். சுவர் வேலைக்காரரைக் கேட்டால், மூன்று வாரத்துக்கு ஆள் இல்லை என்றார்.

குற்றவாளி தானே என்பதால் அன்று மாலையே மாமா களத்தில் இறங்கினார். பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, மேலே சுவர் பூசும் பட்டியை அப்பினார். செவ்வாய் காலை பார்த்தால் அப்பிய பட்டி தொப்பை தள்ளி, குறுக்கே வெடித்திருந்தது. பிரேக் பிடிக்கவில்லை என்று அதற்கும் ஒரு காரணம் சொன்னார்.

அக்கா அன்று வந்த துணிகளை எல்லாம் உள்ளறைக்கு மாற்றி, மெஷினைப் போர்வையால் மூடினாள். மாமா அப்பியதைச் சுரண்டி எடுத்தாள். ஓட்டைக்குள் விரலை விட்டு ஒயர் எதுவும் ஓடவில்லை என்று தடவிப் பார்த்தாள். பிறகு அளவு நாடாவை வைத்து, ஓட்டையைச் சுற்றி ஒரு சாண் சதுரம் வரைந்து, ரொட்டி வெட்டும் பல்கத்தியால் அறுக்கத் தொடங்கினாள்.

மாமா பாய்ந்து அருகில் வந்தார். “ஓட்டைய அடைன்னா நீ ஜன்னல் வைக்கிறியே.”

“கோணல்மாணலா கிழிஞ்சதுல எப்படிங்க ஒட்டுப் போடறது? முதல்ல நேரா வெட்டணும்.”

கடையில் வாங்கி வந்த பலகைத் துண்டில் அளவைக் குறித்து வெட்டி எடுத்தாள். சுவரில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நாலு பக்கமும் ஓர் அங்குலம் பெரிது. யாரும் அவளிடம் அப்படிக் கேட்கவில்லை. கை பழக்கம். துணி என்று எது வந்தாலும் தையலுக்கு என்று ஓர் அங்குலம் விட்டே வெட்டிய கை, சுவருக்கும் விட்டிருந்தது.

மாமாவுக்கு அதுவரை இறங்கியிருந்த தலை நிமிர்ந்தது. சுவர் வளர்கிற பிள்ளையா, நாளைக்குப் பிரித்துவிட, என்று கேட்டார். நானும் சிரித்துவிட்டேன். அக்கா முகம் சுருங்கியது. சரியாக வெட்டினாலும் துண்டு பொந்துக்குள் விழுந்துவிடும், பின்னால் தாங்க ஒன்றுமில்லை என்பதை அப்போதுதான் மூவரும் உணர்ந்தோம்.

அவள் துண்டைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத் தாளையும் ஜிப்சத்தையும் கீறி, கூடுதலான அங்குலத்தை ஒடித்தாள். ஜிப்சம் முறிந்து உதிர்ந்தது. முன்பக்கத் தாள் மட்டும் அறுபடாமல், பிரித்த விளிம்பு மாதிரி தொங்கியது. அதை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தவள், வெட்டாமல் நின்றாள். தாளை விரலால் இழுத்துப் பார்த்தாள். மெல்ல ஒரு சிரிப்பு, ஊசியில் நூல் நுழைந்தது போல.

“ஏங்க, இதுதாங்க தையலுக்கு விட்டது.”

நாலு பக்கமும் ஜிப்சத்தை ஒடித்து, தாளை மட்டும் மிச்சம் வைத்தாள். சுவர் விளிம்பில் மெல்லியதாகப் பட்டி இழுத்து, துண்டைச் சதுரத்துக்குள் பொருத்தினாள். அச்சாக உட்கார்ந்தது. நாலு பக்கத் தாள்களும் சுவரின் மேல் படிந்து அதைப் பிடித்துக்கொண்டன. துண்டு விழ வழியே இல்லை. மாமா பக்கத்து ஒற்றை முக்காலியில் உட்கார்ந்து, உதிர்ந்த ஜிப்சத்தைப் பொறுக்கத் தொடங்கினார்.

மீதி எல்லாம் பொறுமை. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் நாளுக்கொரு பூச்சு பட்டி. ஒவ்வொன்றும் முந்தியதைவிட மெல்லியது, முந்தியதைவிட நாலு விரல் அகலம். நன்றாகக் காயாமல் அடுத்த பூச்சைத் தொடவில்லை. சனிக்கிழமை உப்புத்தாளால் தேய்த்தாள். பக்கவாட்டில் டார்ச் அடித்து, நிழல் விழுகிற மேட்டையெல்லாம் தேடித் தேடித் தேய்த்தாள். புருவம் வரை வெள்ளை. பெயின்ட் கடைக்கு அறுத்தெடுத்த பழைய சுவர்த்துண்டில் ஒரு சில்லைப் பர்சில் போட்டுக்கொண்டு போனாள், நூல் நிறம் பார்க்கத் துணி எடுத்துப் போவது போல. கடைக்காரர் வெள்ளை என்று ஒரு டப்பாவை நீட்ட, இது பழுத்த வெள்ளை என்று திருப்பிக் கொடுத்தாளாம். ஏழாவது டப்பாவில் நிறம் சேர்ந்தது. ஞாயிறு, ஒட்டின இடத்தோடு நிறுத்தாமல் மூலைக்கு மூலை சுவர் முழுக்க அடித்தாள்.

திங்கள் காலை வீட்டுக்காரர் வந்தார். அவருக்கு ஆள்காட்டி விரலால் சுவரைத் தட்டிப் பார்க்கிற வழக்கம். தட்டினார். தடவினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கடைசியில் பெரியவர் ஜன்னல் ஓரமாக ஓர் இடத்தில் விரலை வைத்தார். “இதோ தெரியுதும்மா. நெட்டுக்கு ஒரு கோடு. இதுதானே நீ ஒட்டினது?”

“இல்லீங்க ஐயா. அது நீங்க வீடு கட்டினப்ப ஒட்டினது.”

பெரியவர் அந்தக் கோட்டை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார். ஆமாம், இரண்டு பெரிய பலகைகள் சேருகிற இடம். பதினைந்து வருடமாக யார் கண்ணிலும் படாமல் அங்கேயே இருந்திருக்கிறது. அப்படியானால் இவள் ஒட்டியது எங்கே என்று கேட்டார். அக்கா காட்டவில்லை. அவர் இன்னும் ஒருமுறை சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். இரண்டு வருடம் என்று எழுதியிருந்த தாளை மெஷின் பலகையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அவர் வாசற்படி இறங்கியதும் அக்கா கதவை அகலத் திறந்தாள். ஒருவர் கையில் கோட்டோடு வாசலில் நின்றிருந்தார். தோள் பிடிக்கிறது, கொஞ்சம் பிரித்துவிட முடியுமா என்று தயங்கிக் கேட்டார்.

“உள்ள வாங்க,” என்றாள் அக்கா. “சாயங்காலம் வாங்கிக்கலாம்.”