‘நைனர்’ சொன்ன சங்கரலிங்கம்

இன்று காலை பெங்களூர் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில், விமானங்களுக்கு ரேடியோவில் வழி சொல்லும் வேலையில் இருந்தேன்.

மேகத்துக்குள் வந்த டகோட்டா விமானத்தை ஒன்பதாயிரம் அடிக்கு இறங்கச் சொன்னேன். ரேடியோ இரைச்சலில் வடநாட்டு விமானி, “ஃபைவ் தௌசண்ட்” என்று திருப்பிச் சொன்னார். ஐயாயிரத்துக்கு இறங்கினால், வழியில் ஆறாயிரத்தில் இன்னொரு விமானம்!

“நோ, நைன்!” என்றேன். பதற்றத்தில் என் கான்வென்ட் இங்கிலீஷ் இன்னும் வேகமாக ஓடியது. மறுபடியும் “ஃபைவ்” என்றார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த திருநெல்வேலிக்காரர் சங்கரலிங்கம், “மைக்கை இங்க தாரும்வே” என்று வாங்கினார். அவர் இழுத்து இழுத்துப் பேசும் இங்கிலீஷைக் கேண்டீனில் நடித்துக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தவன் நான்.

“நை... னர். தௌ... சண்ட்.”

‘நைன்’ என்பது ‘ஃபைவ்’ என்று கேட்டுவிடாமல் இருக்க, ரேடியோவில் ஒன்பதை அப்படித்தான் சொல்லவேண்டும் என்பது விதி. நான்தான் மதிப்பதில்லை. விமானி உடனே சரியாகத் திருப்பிச் சொன்னார்.

தரையிறங்கியதும் மேலே வந்து, தெளிவாகப் பேசியவர் யார் என்று விசாரித்து, சங்கரலிங்கத்தின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

“உங்களைக் கிண்டல் பண்ணியிருக்கேன் சார், மன்னிச்சிடுங்க” என்றேன்.

“தெரியும்வே. நல்லாத்தான் நடிக்கீரு. அதே மாதிரி மைக்கில பேசும்.”

நாளை முதல் அப்படித்தான் பேசப்போகிறேன். சிரிக்க விரும்பும் நண்பர்கள் இப்போதே பெயர் கொடுக்கலாம்.